பழவேற்காட்டுக் கத்ரீனும் கேப் டவுன் திருவிழாவும்

பிப்ரவரி வந்தா அமெரிக்காவுல இருக்கற நம்ம பசங்க ஒரு விஷயத்தைக் கண்டிப்பா கவனிச்சிருப்பீங்க. ஊர் நூலகம், அருங்காட்சியகம், பள்ளிக்கூடம்னு எங்க பார்த்தாலும் கறுப்பின வரலாற்று மாதக் கொண்டாட்டம். குழந்தைகளுக்குக் கதை சொல்றது, டிரம் அடிக்கக் கத்துக்குடுக்கறது, கோரஸ் பாட்டு, சாப்பாட்டுக் கடைன்னு சனிக்கிழமை மத்தியானம் குடும்பத்தோட போய்ட்டு வர்ற மாதிரி ஏற்பாடு. கார்ட்டர் உட்ஸன் என்ற வரலாற்று ஆசிரியர் 1926-ல் ஒரு வார நிகழ்ச்சியா ஆரம்பிச்சது இது. ஆபிரகாம் லிங்கன், பிரடெரிக் டக்ளஸ் ரெண்டு பேரோட பிறந்த நாளும் வர்ற வாரம்ங்கறதால பிப்ரவரி. 1976-ல் வாரம் மாசமாச்சு. இங்கிலாந்துல 1987-லேர்ந்து அக்டோபர்ல கொண்டாடறாங்க.

"சரிடா, அது அவங்க வரலாறு. போனோமா, சாப்பிட்டோமா, வந்தோமான்னு இரு. நமக்கென்ன சம்பந்தம்?"

இந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதிவு. சம்பந்தம் இருக்கு. சென்ட்ரல்ல கும்மிடிப்பூண்டி லோக்கல் ஏறி, பொன்னேரியில இறங்கி, பஸ் பிடிச்சா போற தூரத்துல இருக்கு.

அதுக்கு முன்னாடி ஒரு சின்னத் தகவல். தென்னாப்பிரிக்காவோட கேப் டவுன்ல பிப்ரவரிங்கறது மாசம் மட்டும் இல்லை, குடும்பப் பெயரும்கூட. மிஸ்டர் பிப்ரவரி, மிஸஸ் செப்டம்பர், மிஸ்டர் ஏப்ரல்னு இன்னிக்கும் ஆட்கள் இருக்காங்க. கேட்டா சிரிப்பு வரும். காரணம் தெரிஞ்சா வராது. கப்பல்ல வந்து இறங்கின அடிமைக்கு என்ன பேர்னு எவனும் கேக்கலை. வந்த மாசத்தோட பேரையோ, வாயில வந்த மாசத்தோட பேரையோ வெச்சு விட்டுட்டாங்க. அந்தப் பேரு பேரன், கொள்ளுப்பேரன்னு இறங்கி வந்திருக்கு.

அந்தக் கப்பல்கள்ல வந்தவங்க எல்லாரும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவங்க இல்லைங்க.

*

கோட்டையும் துணியும் ஆளும்

பழவேற்காடு, திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி வட்டம். பூநாரை பார்க்க, படகுல போக, மீன் வறுவல் சாப்பிடப் போவோம். வரலாற்று ஆர்வம் இருக்கறவங்க டச்சுக்காரன் கல்லறைத் தோட்டத்தை ஒரு எட்டு பார்த்துட்டு வருவாங்க. வாசல்ல ரெண்டு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கி வெச்சிருக்குமே, அதேதான்.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்க 1613-ல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினாங்க. சென்னையில ஜார்ஜ் கோட்டையெல்லாம் வர்றதுக்கு இன்னும் கால் நூற்றாண்டுக்கு மேல இருந்த காலம். 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாறுற வரைக்கும் சோழமண்டலக் கரை முழுசுக்கும் டச்சுக்காரங்களோட தலைமையிடம் பழவேற்காடுதான். இங்கேருந்து என்ன ஏத்துமதி ஆச்சுன்னு கேட்டா எல்லாரும் சொல்ற பதில் துணி. உண்மைதான். இன்னிக்கும் மலேசியாவுல கைலிக்குக் 'காயின் பெலிக்காட்'னு பேரு, பழவேற்காட்டுத் துணின்னு அர்த்தம். நம்ம ஊரு 'பாளையக்காட் லுங்கி'யும் அதே பேருதான்.

துணியோட சேர்ந்து இன்னொண்ணும் ஏத்துமதி ஆச்சு. ஆளுங்க.

ஏன்னு பார்த்தா, நம்ம பாஷையில சொல்லணும்னா ரூட் காஸ் எங்கியோ இருக்கு. இந்தோனேசியாவுல பண்டா தீவுகள்னு சின்னச் சின்னத் தீவுக் கூட்டம். அன்னிக்கு உலகத்துக்கே சாதிக்காய் அங்கேருந்துதான் போகணும். 1621-ல் டச்சுத் தளபதி யான் பீட்டர்ஸூன் கூன் அந்தத் தீவுகளைப் பிடிச்சான். அங்க இருந்த மக்கள்ல பெரும்பகுதி கொல்லப்பட்டாங்க, இல்லை பட்டினியில செத்தாங்க, இல்லை நாடு கடத்தப்பட்டாங்க. தோட்டம் கையில வந்துடுச்சு, வேலை செய்ய ஆளில்லை. பத்தேவியாவும் (இன்னிக்கு ஜகார்த்தா) புதுசாக் கட்டிக்கிட்டிருந்த ஊர். ஆள் வேணும். எங்க கிடைக்கும்? பஞ்சமும் போரும் நடக்கற கரையில கிடைக்கும்.

1622, 23-ல் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் மாதிரித் துறைமுகங்கள்ல முதல் பெரிய கொள்முதல் நடந்தது. அப்புறம் இது ஒரே சீரா ஓடின வியாபாரம் இல்லை, அலை அலையா வந்தது. மார்க்கஸ் விங்க் என்கிற வரலாற்றாளர் டச்சு ஆவணங்களைப் புரட்டி இந்த அலைகளைக் கணக்கெடுத்திருக்கார். 1640-களின் நடுவுல ஒரு அலை, ரெண்டாயிரத்துக்கும் மேல ஆட்கள். 1659-லேர்ந்து 61 வரைக்கும் பீஜப்பூர் படை தஞ்சாவூர்ச் சீமையைச் சூறையாடினப்போ நாகப்பட்டினம், பழவேற்காடு முதலான இடங்கள்ல 8,000-லேர்ந்து 10,000 பேர் வரைக்கும் கம்பெனி வாங்கினது. அதுல பெரும்பாலானவங்க இலங்கைக்கு, மிச்சம் பத்தேவியாவுக்கும் மலாக்காவுக்கும். 1670-கள்ல மதுரைச் சீமைப் பஞ்சம், மறுபடியும் ஒரு அலை.

ஒவ்வொரு அலைக்கும் பின்னாடி இருக்கற பேட்டர்னைப் பாருங்க. மழை பொய்க்கும், இல்லை படை வரும். அரிசி விலை ஏறும், ஆள் விலை இறங்கும். நெல்லுக்காகத் தன்னையே வித்துக்கிட்டவங்க, புள்ளையை வித்தவங்க, கடனுக்குப் போனவங்க, கடத்தப்பட்டவங்க எல்லாரும் அந்தக் கூட்டத்துல உண்டு. டச்சுக்காரன் ஊர் ஊராப் போய்ப் பிடிக்கலை. பிடிச்சுக் கொண்டாந்து வித்ததுக்கு உள்ளூர்த் தரகர்கள் இருந்தாங்க. இதை மறைச்சுட்டு வெள்ளைக்காரனை மட்டும் திட்டினா பாதி வரலாறுதான் மிஞ்சும். ஆங்கிலேயரும் ஒண்ணும் உத்தமர் இல்லை. 1687-ல் சென்னைக் கோட்டையிலிருந்தும் நூத்துக்கணக்கில அடிமைகள் கப்பல் ஏறினாங்க.

*

பெரிய கத்ரீன்

எண்ணிக்கையாச் சொன்னா மனசுல ஒட்டாது. ஒரே ஒரு ஆளைப் பார்ப்போம்.

1652-ல் யான் ஃபான் ரீபேக் ஆப்பிரிக்காவோட தெற்கு முனையில கம்பெனிக் கப்பல்கள் தண்ணியும் காய்கறியும் ஏத்திக்க ஒரு நிலையம் போட்டார். அதான் பின்னாடி கேப் டவுன். அஞ்சு வருஷம் கழிச்சு, 1657-ல், அங்க ஒரு பொண்ணு வந்து இறங்கறா. ஆவணத்துல அவ பேரு 'ஹ்ரோட்டெ கத்ரீன் ஃபான் பாலியாகட்டா'. அதாவது 'பழவேற்காட்டுப் பெரிய கத்ரீன்'.

சுமார் 1631-ல் பழவேற்காட்டுல பிறந்தவ. அடிமையா பத்தேவியாவுக்குப் போனா. அங்க 1656-ல், தன்னை அடிச்ச காதலனோட நடந்த சண்டையில அவன் செத்துப் போனான். கோர்ட் மரண தண்டனை குடுத்தது. அப்புறம் அதைக் குறைச்சு ஆயுள் முழுக்க கேப்புக்கு நாடு கடத்தினாங்க. கேப்புல ஆவணத்துல பதிவான முதல் பெண் கைதி இவதான். அங்க தளபதிகளோட வீட்டுக்குத் துணி வெளுக்கற வேலை. ஒரு சிப்பாய்க்கும் அவளுக்கும் பிறந்த மகன் கிறிஸ்டோஃபல் ஸ்னைமன். பின்னாடி அவளுக்கு மன்னிப்பு கிடைச்சு, வங்காளத்திலிருந்து அடிமையா வந்து விடுதலை ஆன ஒருத்தரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டா.

இப்ப ட்விஸ்ட். அந்த மகன் ஐரோப்பாவுலேர்ந்து வந்து குடியேறின ஒரு குடும்பத்துப் பொண்ணைக் கட்டினான். இன்னிக்குத் தென்னாப்பிரிக்காவுல 'ஸ்னைமன்' பெரிய ஆஃப்ரிகானர் குடும்பப் பெயர்கள்ல ஒண்ணு. ஆமாங்க, இனவெறிச் சட்டம் போட்ட அதே வெள்ளைச் சமூகத்துக்குள்ள ஒரு கிளைக்கு ஆதித்தாய் பழவேற்காட்டுக்காரி!

தென்னாப்பிரிக்கத் தமிழர்னா நாம எல்லாரும் 1860-ல் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பனுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளோட போனதுல ஆரம்பிப்போம். கத்ரீன் அதுக்கு 203 வருஷம் முன்னாடி போய்ச் சேர்ந்துட்டா. அவ வீட்டுல பேசினது தமிழா தெலுங்கான்னு எழுதி வைக்கணும்னு கணக்குப்பிள்ளைக்குத் தோணலை. அம்மா வெச்ச பேரையே எழுதாதவன் தாய்மொழியையா எழுதப் போறான்?

ராபர்ட் ஷெல் என்ற ஆய்வாளரோட கணக்குப்படி 1652-லேர்ந்து 1808 வரைக்கும் கேப்புக்குச் சுமார் 63,000 அடிமைகள் கொண்டுவரப்பட்டாங்க. அதுல ஏறக்குறைய கால் பங்கு இந்தியத் துணைக்கண்டத்து ஆட்கள். மிச்சம் கிழக்கு ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், இந்தோனேசியத் தீவுகள். பேர்களைப் பார்த்தா 'ஃபான் பெங்காலன்', 'ஃபான் மலபார்', 'ஃபான் கோரமண்டல்'. சிலருக்கு 'ஃபான் டெ குஸ்ட்', கரையிலிருந்து வந்தவன், அவ்வளவுதான். அந்தக் கரை நம்ம கரை.

டேட்டாபேஸ்காரங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். முதல் பேர் ஃபீல்டை முதலாளி நிரப்பினான். கடைசிப் பேர் ஃபீல்டுல துறைமுகத்தைப் போட்டான். அந்த ஒரு ஃபீல்டு மட்டும்தான் ஊரோட இன்னும் அறுபடாம இருக்கற லிங்க்.

இன்னொரு சின்ன லிங்க்கும் இருக்கு. ஆஃப்ரிகான்ஸ் மொழியில படுக்கற கட்டிலுக்கு என்ன வார்த்தை தெரியுமா? 'காட்டல்'. போர்த்துகீசியம் வழியாப் போன நம்ம 'கட்டில்'தான்னு அகராதிக்காரங்க சொல்றாங்க :-)

*

ஜனவரி ரெண்டு

இப்ப திருவிழாவுக்கு வருவோம்.

புது வருஷம் பிறந்தா முதலாளி வீட்டுல விருந்து. விருந்துன்னா சமையல்காரன், பரிமாறுறவன், பாத்திரம் கழுவறவளுக்கு அன்னிக்குத்தான் கூடுதல் வேலை. அதனால கேப் அடிமைகளுக்கு ஜனவரி 1 லீவு கிடையாது. லீவு மறுநாள், ஜனவரி 2. அந்த ஒரு நாள் அவங்களோடது. ஆடினாங்க, பாடினாங்க, தெருவுல போனாங்க. அதுக்கு ஆஃப்ரிகான்ஸ்ல 'ட்வீடெ நியூவெ யார்', ரெண்டாவது புத்தாண்டு.

1834 டிசம்பர் 1-ல் கேப்புல அடிமை முறை சட்டப்படி ஒழிஞ்சது. ஆனா அடுத்த நாலு வருஷம் 'பயிற்சி'ங்கற பேருல அதே முதலாளிகிட்ட வேலை செய்யணும்னு விதி. நிஜ விடுதலை 1838-ல். பிரிட்டிஷ் பேரரசு முழுக்க இதுக்கு நஷ்டஈடா 2 கோடி பவுண்டு ஒதுக்கினாங்க. யாருக்கு? முதலாளிகளுக்கு. அடிமையா இருந்தவங்களுக்கு ஒரு பைசா இல்லை.

அவங்க கையில மிஞ்சின சொத்துல ஒண்ணு அந்த ஜனவரி ரெண்டாம் தேதி. அதைத்தான் வளர்த்தாங்க. இன்னிக்கு அது 'காப்ஸெ கிளாப்ஸெ' என்கிற பெரிய வீதித் திருவிழா. ஆயிரக்கணக்கான பேர் குழு குழுவா, பளபளன்னு சாட்டின் கோட்டு, தொப்பி, குடை, முகத்துல வண்ணம் பூசிக்கிட்டு பாஞ்சோவும் டிரம்பெட்டும் அடிச்சு ஊர்வலம் போறாங்க. 'கூமா'ன்னு ஒரு மேளம், பீப்பாயில ஒரு பக்கம் தோல் இழுத்துக் கட்டினது. அந்தத் தாளத்துக்கே கூமான்னுதான் பேரு. ஒவ்வொரு குழுவுக்கும் வருஷா வருஷம் புது உடுப்பு. தாத்தா, அப்பா, பேரன்னு மூணு தலைமுறை ஒரே வரிசையில நடக்கும். குட்டிப் பசங்க முன்னாடி ஆடிக்கிட்டுப் போவாங்க. மத்தவங்க வெயில்ல இடம் பிடிச்சு, பாய் விரிச்சு, சாப்பாட்டு டப்பாவோட காத்திருப்பாங்க. நம்ம ஊர் தேரோட்டம் பார்த்தவங்களுக்கு இந்தக் காட்சியை விளக்கவே வேண்டாம்.

எல்லாமே அழகுன்னு சொல்லிட முடியாது. முகத்துல சாயம் பூசற வழக்கம் 19-ஆம் நூற்றாண்டுல வந்த அமெரிக்க மேடைக் குழுக்கள்கிட்டேருந்து ஒட்டிக்கிட்டது. கறுப்பர்களைக் கிண்டல் பண்ண வெள்ளைக்காரன் போட்ட வேஷம் அது. திருவிழாவோட பழைய ஆங்கிலப் பேரே ஒரு வசைச்சொல். இதையெல்லாம் வெச்சுக்கலாமா, தூக்கி எறியணுமான்னு அங்கயே பெரிய விவாதம். 'எங்க தாத்தா பூசினார், அர்த்தத்தை நாங்க மாத்திட்டோம்'னு ஒரு கட்சி, 'அவமானத்தை எதுக்குத் தூக்கிச் சுமக்கணும்'னு இன்னொரு கட்சி.

அரசாங்கமும் சும்மா விடலை. இந்தக் குழுக்களோட தாய்வீடு மாதிரி இருந்த 'டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்' என்கிற குடியிருப்பை 1966 பிப்ரவரி 11 அன்னிக்கு வெள்ளையர் பகுதின்னு அறிவிச்சாங்க. (மறுபடியும் பிப்ரவரி!) அறுபதாயிரம் பேர் வரைக்கும் ஊருக்கு வெளியே மணல்வெளிக்குத் துரத்தப்பட்டாங்க. வீடுகளை புல்டோசர் விட்டு இடிச்சாங்க. ஊர்வலத்தையும் நகர வீதியிலேருந்து விரட்டி ஸ்டேடியத்துக்குள்ள அடைச்சாங்க. ஆனாலும் ஜனவரி வந்தா மேளம் நிக்கலை. தெரு போனவங்க வருஷத்துல ஒரு நாளாவது தெருவைத் திருப்பி எடுத்துக்கறாங்க. அந்த ஊர்வலத்தோட அர்த்தம் இதுதான்னு எனக்குத் தோணுது.

கேப் டவுன்ல இன்னும் ரெண்டு இடம் சொல்லணும். ஒண்ணு, 1679-ல் கம்பெனி தன் அடிமைகளை அடைச்சு வைக்கக் கட்டின கட்டடம். இப்ப 'ஸ்லேவ் லாட்ஜ்' அருங்காட்சியகம். இன்னொண்ணு, அதுக்குப் பக்கத்துலயே சர்ச் சதுக்கம். அங்க 2008-ல் 11 கருங்கல் பாளங்களை நட்டாங்க. அடிமைகளோட பேர்களையும், அவங்க வாழ்க்கையைச் சொல்ற வார்த்தைகளையும் அதுல வெட்டியிருக்காங்க. உயரம் கம்மி, குழந்தை ஏறி உக்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படிக்கலாம்.

*

அப்ப நாம கறுப்பரா?

இந்தக் கேள்வியை யாராவது கேப்பீங்கன்னு தெரியும். தோல் நிறத்தை வெச்சுப் பேசினா திருவள்ளூர் வெயில்ல நம்ம நிறம் என்னன்னு நமக்கே தெரியும், ஃபேர்னஸ் கிரீம் கம்பெனிக்கும் தெரியும் :-) ஆனா ஸ்டீவ் பிக்கோ இதுக்கு வேற பதில் சொன்னார். 1960-களின் இறுதியில அவர் ஆரம்பிச்ச மாணவர் இயக்கத்துல 'கறுப்பர்'னா சட்டத்தாலும் பழக்கத்தாலும் ஒடுக்கப்பட்டு, அதை எதிர்த்து ஒண்ணா நிக்கற எல்லாரும்தான். ஆப்பிரிக்கர், கலப்பினத்தவர், இந்தியர் எல்லாரும் அதுல அடக்கம். அந்த இயக்கத்துல முன்வரிசையில நின்ன சாத்ஸ் கூப்பர், ஸ்ட்ரினி மூட்லி ரெண்டு பேரும் இந்திய வம்சாவளி. ரெண்டு பேரும் ராபன் தீவுச் சிறைக்குப் போனவங்க. 'மூட்லி' எந்த ஊர்ப் பேருன்னு உங்களுக்குச் சொல்ல வேண்டாம்.

துணியும் ஒரு கதை சொல்லும். பழவேற்காட்டுக் கைக்குட்டை, சென்னைக் கைக்குட்டைன்னு பேர் போன கட்டம் போட்ட பருத்தித் துணி, ஐரோப்பியக் கப்பல்ல மேற்கு ஆப்பிரிக்கா போச்சு. அங்க இந்தியத் துணியைக் குடுத்து ஆட்களை வாங்கி அட்லாண்டிக்கைத் தாண்டி வித்தாங்க. நம்ம நெசவாளி தறியில உக்கார்ந்தப்போ அது எதுக்கு விலையாப் போகுதுன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்காது. இன்னிக்குக் கரீபியன்ல செயின்ட் லூசியா, டொமினிக்கா தீவுகள்ல அக்டோபர் கடைசியில கிரியோல் திருநாள் கொண்டாடறாங்க. பள்ளிப் பிள்ளைங்க முதக்கொண்டு எல்லாரும் போட்டுக்கற துணியோட பேரு 'மெட்ராஸ்'. அடிமையை வாங்கக் குடுத்த துணியை, அடிமைகளோட பேரப்பிள்ளைங்க தேசிய உடையா ஆக்கிக்கிட்டாங்க.

*

நம்ம பக்கம்

பழவேற்காட்டுக் கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறையோட பாதுகாப்புல இருக்கு. இருக்கட்டும், அழகான கல்வெட்டுகள். படிச்சா எந்த டச்சு அதிகாரி, எந்த வருஷம் செத்தார், அவர் குடும்பச் சின்னம் என்னன்னு எல்லாம் தெரியும். வாங்கினவன் பேரு கருங்கல்லுல இருக்கு. விக்கப்பட்டவ பேரைப் படிக்கணும்னா கேப் டவுன் போகணும்.

நாம இதை மறந்ததுக்கு ஒரு காரணம் வெள்ளைக்காரன் இல்லை. பஞ்சத்துல முதல்ல விலைக்குப் போனது யாரு? நிலம் இல்லாதவங்க, கீழ வைக்கப்பட்ட சாதிங்க, தாய் தகப்பன் இல்லாத பிள்ளைங்க. அவங்களுக்குப் பரம்பரைக் கதை சொல்ல ஊர்ல ஆள் மிஞ்சலை. மிஞ்சினவங்களுக்குச் சொல்ல விருப்பமும் இல்லை. கடல் தாண்டி வாணிபம் செய்தோம்னு பெருமையாப் பேசற நாம, கடல் தாண்டி வாணிபமாவே போனவங்களைப் பத்திப் பேசறதில்லை.

விஷயம் பழங்கதையாவும் முடிஞ்சுடலை. 1843-ல் அடிமை முறைக்கு இந்தியாவுல சட்ட அங்கீகாரம் போச்சு. 1976-ல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. அதுக்கப்புறமும் செங்குன்றம் பக்கத்து அரிசி ஆலைகள்லேருந்து இருளர் குடும்பங்களை மீட்டாங்க. 2011-ல் நம்ம மாவட்டத்துல ஒரே ஒரு செங்கல் சூளையிலிருந்து மீட்கப்பட்ட ஒடிசா தொழிலாளர்கள் 500-க்கும் மேல. முன்பணம் குடுத்து ஊரை விட்டுக் கூட்டிட்டு வர்றது, கடன் அடையற வரைக்கும் வெளிய விடாம இருக்கறது. 1622-ல் இருந்தவனுக்கு இதைக் காட்டினா உடனே புரிஞ்சுக்குவான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்ல கம்பி உருக்கறவங்கள்ல ஏகப்பட்ட பேர் பீகார், ஒடிசா, வங்காளத்துப் பசங்க. அவங்க சம்பளத் தொழிலாளிங்க, அடிமைன்னு நான் சொல்லலை. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பக் கூடாது. ஆனா டீக்கடையில நாம அவங்களைக் கூப்பிடற விதத்தைக் கவனிங்க. 'ஏய் பீகாரி', 'அந்த ஒடிசாக்காரன்', இல்லைன்னா மொத்தமா 'வடக்கன்'. பேரு யாருக்கும் தெரியாது. 'ஃபான் டெ குஸ்ட்'னு எழுதினவனும் இப்படித்தான் சோம்பேறித்தனமா ஆரம்பிச்சிருப்பான்.

அதனால எனக்கு ஒரு ஆசை. கேப் டவுன் அளவுக்கெல்லாம் வேண்டாம். ஜனவரியில பூநாரை பார்க்க எப்படியும் குடும்பம் குடும்பமாப் பழவேற்காட்டுக்கு வர்றாங்க. வருஷத்துல ஒரு ஞாயித்துக்கிழமை, ஏரிக்கரையில பறை அடிச்சு, பசங்களுக்குப் பட்டம் விட்டு, மீன் குழம்பு போட்டு, நடுவுல அரை மணி நேரம் கத்ரீன் கதையைச் சொல்லலாம். பொன்னேரி, கும்மிடிப்பூண்டி பள்ளிப் பிள்ளைங்க நாடகமாப் போடலாம். சிப்காட்ல வேலை பார்க்கற ஒடிசாப் பையனையும் மேடையில ஏத்தி அவன் ஊர்ப் பாட்டைப் பாடச் சொல்லலாம். குழந்தைங்களுக்கு இவ்வளவு சோகத்தை ஏன் சொல்லணும்னு கேப்பீங்க. கேப் டவுன் பசங்க அந்தச் சோகத்து மேலதான் சாட்டின் கோட்டு போட்டு ஆடறாங்க, ஒண்ணும் ஆகிடலை.

அதுவரைக்கும் கல்லறைத் தோட்டத்துக்கு எதிர்ல, தமிழ்ல ஒரே ஒரு பலகை போதும்: 'இந்த ஊரில் பிறந்து, விற்கப்பட்டு, 1657-ல் ஆப்பிரிக்கா போய்ச் சேர்ந்த கத்ரீனின் நினைவாக. அம்மா வைத்த பெயர் தெரியவில்லை.'

பி.கு: கேப் டவுன்ல, டர்பன்ல, கரீபியன் பக்கம் ஆன்சைட்ல இருக்கற மக்கள் யாராவது இந்தத் திருவிழாக்களை நேர்ல பார்த்திருந்தா பின்னூட்டத்துல எழுதுங்க. பழவேற்காட்டுப் பெரியவங்ககிட்ட கப்பல் ஏறிப் போனவங்க பத்தி ஏதாவது கதை கேட்டிருந்தாலும் சொல்லுங்க. ஒரு வரியா இருந்தாலும் பரவாயில்லை.